நம்பாதவர்களுக்கு ஒரு சொல்

மார்ச் 4

சலவைக்கடையில் பைகளைத் துழாவுவது என் வேலை. துணி இயந்திரத்துக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். சாவி, கடிதம், படம் என்று ஏதாவது கிடைத்தால் சின்ன உறையில் போட்டு, அந்தத் துணியின் எண்ணை மேலே எழுதி, எண்ணுக்கு அடியில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருப்பது கீழ்ப்பக்கம். துவைத்து முடித்ததும் அந்த எண்ணுள்ள துணியோடு உறையும் போகும். பழைய டிக்கெட்டும் கசங்கிய தாளும் கூடைக்கு.

கூடைக்குப் போக வேண்டிய ஒரு தாளை இன்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தினம் ஓர் ஆங்கிலச் சொல் போட்ட நாள்காட்டியிலிருந்து யாரோ கிழித்தது. இன்கிரெடுலஸ். கேட்டதை நம்பாமல் நிற்கிற ஆளைச் சொல்லும் சொல்லாம்.

மதியம் முழுவதும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளைப் போர்வைகள் சுழன்றன. அந்தச் சொல்லும் கூடவே சுழன்றது. இன்-கிரெ-டு-லஸ். நுரையோடு மேலே போய், மெல்லக் கீழே விழுந்தது.

மார்ச் 5

வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். மை மதர் இஸ் இன்கிரெடுலஸ். சரி. தி ஸ்டோரி இஸ் இன்கிரெடுலஸ். தப்பு. கதை பாவம், அதற்கு நம்பவும் தெரியாது, நம்பாமல் இருக்கவும் தெரியாது. கேட்கிற ஆளுக்குத்தான் இந்தச் சொல். அந்த ஆளின் பார்வைக்கும் பொருந்தும் என்று தாளில் இருக்கிறது. ஷீ கேவ் மீ அன் இன்கிரெடுலஸ் லுக்.

அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். "பள்ளிக்கூடத்துல வாயே தொறக்காதவ, இப்ப வீட்டுல வந்து இங்கிலீஷா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருந்தாலும் சுருக்கென்றது.

பத்தாம் வகுப்பில் ஒரு பத்தி வாசிக்க எழுந்து நின்றேன். எழுத்து தெரிந்தது, அர்த்தமும் தெரிந்தது, குரல் மட்டும் வரவில்லை. பின்பெஞ்சில் ஒருத்தி, "வால்யூம் கூட்டுங்கப்பா" என்றாள். வகுப்பே சிரித்தது. மறுநாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. இதையா ஒரு காரணமென்று சொல்வது? அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் 7

நீராவியில் கண்ணாடி மங்கிப் போயிருந்தது. விரலால் அந்தச் சொல்லை எழுதினேன். நான் பார்க்கப் பார்க்கவே வழிந்து போனது.

மார்ச் 8

68-ஆம் எண் சட்டைப்பையில் ஒரு புகைப்படம். குடைக்குள் ஒரு பெண், கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிக்கிறாள். ஓரமெல்லாம் நைந்திருந்தது. தினமும் பார்க்கிற படமாக இருக்க வேண்டும். அவள் எதற்குச் சிரித்தாள் என்று யோசித்தபடியே உறையில் போட்டேன். எண்ணை எழுதி முடித்ததும் மார்க்கர் வறண்டுவிட்டது. கோட்டைப் பென்சிலால் போட்டேன்.

மார்ச் 11

இன்று வேலைக்கே போகாமல் இருந்திருக்கலாம்.

68-க்காரர் வந்தார். சட்டை மட்டும்தான் வந்திருக்கிறது, படம் வரவில்லை. அது அவருடைய அம்மாவாம். வேறு படமே கிடையாதாம். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. மேசையைத் தடவிக்கொண்டே நின்றார்.

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். உறையில போட்டேன்."

"என்ன முனகுற? நல்லாச் சொல்லு."

சொல்லத்தான் பார்த்தேன். தொண்டை பத்தாம் வகுப்புக்கே போய்விட்டது.

துணி கொண்டுபோகிற வேன் அண்ணன், "நான் மாட்டும்போது அறுபத்தெட்டுல உறையே இல்லம்மா. இந்த ஊமைக்குயில் கனவுல போட்டிருக்கும்" என்றார். துணி மடிக்கிற அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

படத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் பொய் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் வர வேண்டாமாம். நான் போட்டேன். போட்டேன்தானே? எனக்கே சந்தேகம் வந்துடுச்சே. என்னையே நான் நம்பலைன்னா வேற யாரு நம்புவா?

எவ்ரிபடி வாஸ் இன்கிரெடுலஸ். வாக்கியம் சரியாகத்தான் வந்திருக்கிறது. சந்தோஷமாக இல்லை.

மார்ச் 12

கூடை, வடிகட்டி, இயந்திரத்தின் அடி, எல்லாம் பார்த்தாயிற்று. படம் இல்லை. தண்ணீரில் போயிருந்தால் வடிகட்டியில் காகிதத் துணுக்காவது இருந்திருக்குமே?

மார்ச் 13

ஒரு பொத்தான் உருண்டு, துணி தொங்கவிடும் கம்பிக்குக் கீழே போனது. எடுக்கக் குனிந்து, குனிந்தபடியே பின்னால் பார்த்தேன். சட்டைகளெல்லாம் வானத்திலிருந்து முளைத்த மாதிரித் தலைகீழாக நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன், அழகாக இருந்தது. ஒரு சட்டையின் சீட்டில் 86 என்று இருந்தது. நிமிர்ந்தேன். 98.

பென்சில் கோடு. என் பென்சில் கோடு! அது அழிந்து, உறையைத் தலைகீழாகப் பிடித்தால் 68 என்பது 89.

89-க்காரர் வெளியூர் போயிருக்கிறார். அவருடைய துணி தயாராகி, பிளாஸ்டிக் மூடி, கடைசிக் கொக்கியில் தொங்குகிறது. வாடிக்கையாளர் துணியை நாங்களாகப் பிரிக்கக் கூடாது. கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். கேட்க வேண்டும் என்றால், பேச வேண்டும்.

முதலாளியம்மா கவுன்டரில் இருந்தார். இயந்திரங்கள் நான்கும் ஓடின. நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"எம்பத்தொம்பதப் பிரிச்சுப் பாருங்கம்மா! நான் உறையில போட்டேன்! கோட்டப் பென்சில்ல போட்டது என் தப்பு, ஆனா போட்டேன்!"

இஸ்திரி போடுகிற தாத்தா பெட்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். வேன் அண்ணன், "இந்தச் சத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கூரையைப் பார்த்தார். மடிக்கிற அக்காதான் முதலாளியம்மாவிடம் கத்தரியை நீட்டினாள். "பிரிச்சாத்தான் என்ன, திரும்ப ஒட்டிக்கலாம்."

உறை 89-இன் கழுத்துப்பட்டையில் ஊக்கு குத்தி இருந்தது. பென்சில் கோடு பாதிதான் தெரிந்தது. உள்ளே குடை. குடைக்குள் சிரிப்பு.

மார்ச் 14

68-க்காரருக்கு என் கையாலேயே கொடுக்கச் சொன்னார் முதலாளியம்மா. அவர் படத்தை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்குப் பெயர் தெரியும். அது இவ்வளவு நல்ல பார்வையாகவும் இருக்கும் என்று தாளில் போடவில்லை.

"ஏன் சார் சிரிச்சாங்க?" என்று கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேனோ.

"எங்கப்பா அவரு குடையத் தலகீழா விரிச்சுட்டாரும்மா, காத்துல" என்றார்.

மார்ச் 18

இனி உறையில் எண்ணை எழுத்தாலும் எழுத வேண்டும். அறுபத்தெட்டு. எப்படித் திருப்பினாலும் அறுபத்தெட்டுதான். புது மார்க்கர்கள் இரண்டு வந்திருக்கின்றன.

ஏப்ரல் 2

கவுன்டரில் இருக்கிற பெண் விடுப்பில் போயிருப்பதால் மூன்று நாளாக நான் நிற்கிறேன். எண்ணைக் கூப்பிட வேண்டும், துணியைக் கொடுக்க வேண்டும். மதியம் முதலாளியம்மா உள்ளேயிருந்து வந்து, "கொஞ்சம் மெதுவாக் கூப்பிடும்மா, தெருவே திரும்பிப் பாக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன்.

மை மதர் கேவ் மீ அன் இன்கிரெடுலஸ் லுக்.