கேபிள் முனைக் குப்பி

அன்புத் தம்பி அருளுக்கு,

நீ கண்மூடியபின் வரும் முதல் குறுவை இது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. உன் கடையும் திறந்துதான் இருக்கிறது. கல்லூரி ஆய்வகங்களின் சோதனைக் கருவிகளுக்கு நீ கேபிள் வெட்டி முனை பொருத்திய மேசையில் இப்போது உன் மனைவி ஸ்டெல்லா உட்காருகிறாள். அவள் பொருத்திய முனைகளை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

அவள் தனியாக எடுத்த முதல் ஆர்டர் நாகப்பட்டினம் பக்கத்துக் கல்லூரிக்குப் போனது. போன வாரம் அங்கிருந்து போன். "எல்லாக் கேபிளும் கோளாறு. வந்து எடுத்துட்டுப் போயிடுங்க."

"சரக்கு திரும்பிச்சுன்னா கடைய மூடிடறேன் அத்தான். அவர் பேரை நான் எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள். இருவரும் பஸ் ஏறிப் போனோம்.

ஆய்வகத்தில் திரையைக் காட்டினார்கள். படிக்கட்டு மாதிரி ஏறி இறங்க வேண்டிய சிக்னல், ஒவ்வொரு ஏற்றத்திலும் நடுங்கியது. ஸ்டெல்லா கேபிளின் முனையைத்தான் பார்த்தாள்.

"இதுல ஒரு சின்னக் குப்பி மாட்டியிருந்தேனே, எங்கங்க?"

டெர்மினேட்டரை நீ குப்பி என்பாய். அவளுக்கும் அதே பேச்சு.

"அதுவா? கேபிள் நேராவே கருவியில மாட்டுது, நடுவுல இது எதுக்குன்னு கழட்டி டப்பாவுல போட்டுட்டோம்" என்றார் ஆய்வகப் பொறுப்பாளர். "முன்னெல்லாம் அருள் சாரே வந்து மாட்டிட்டுப் போவார். நாங்க கவனிச்சதில்ல."

பள்ளியில் வகுப்பெடுத்த என் வாய் சும்மா இருக்குமா? "வாய்க்கால் கோடியில ஷட்டரை மூடி வச்சா, ஓடி வந்த தண்ணி முட்டித் திரும்பி அலையடிக்கும். கடைமடை வயல் வாங்கிக்கிட்டா அலையே இல்ல. குப்பிக்குள்ள இருக்கிற மின்தடைதான் அந்த வயல்" என்றேன்.

"முதல்ல மாட்டிப் பாப்போம் அத்தான். அப்புறம் விவசாயம் பண்ணலாம்."

மாட்டினாள். நடுக்கம் நின்றது. கேபிள்கள் அங்கேயே இருக்கின்றன.

திரும்பும்போது கேட்டாள்: "எல்லா இடத்துக்கும் அவரே போனாரே, ஏன் அத்தான்? அடுத்தவங்க சரியா மாட்ட மாட்டாங்கன்னா? இல்ல, ஊர் ஊராப் போய்வரப் பிடிச்சுதா?" அதை உன்னிடமே கேட்கிறேன். உனக்குத் தெரியுமா?

இனி ஒவ்வொரு குப்பியிலும் ஓர் அட்டை தொங்கும். எழுதுவது என் வேலை என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன்: 'கழற்ற வேண்டாம். சிக்னல் ஓய்வது இங்கேதான்.' கரும்பலகைக் கையெழுத்து இன்னும் கோணவில்லை. கை ஓடும்வரை எழுதித் தருவேன், தம்பி.

உனக்கு மூத்தவன்,
சாமுவேல்