குதிரைமேல் விழுந்த பழி

மணவாள நகர்,
பிப்ரவரி 9.

அன்பு மகள் நந்தினிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எங்களுக்கு உடம்பு பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உங்கள் லீட்ஸில் பனி குறைந்ததா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ஒரு கேள்வி கேட்டாலே நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் குதிரைப்படை என்னவாயிற்று என்று நீ எழுதிய புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் போன மாதம் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அகராதியோடு உட்கார்ந்தேன், இருபது நாள் ஆயிற்று. முள்கம்பியும் இயந்திரத் துப்பாக்கியும் வந்ததும் குதிரைக்கு வேலை போய்விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த வீரர்கள் இறங்கிப் பதுங்குகுழியில் நின்றதும், கடைசி ஆண்டில் டாங்கிகளோடு மறுபடி குதிரையேறிப் போனதும் எனக்குப் புதிது.

நான்காம் அத்தியாயத்தைத் தாண்டத்தான் நாளாயிற்று. 1916 ஜூலையில் ஒருநாள் காலையிலிருந்து குதிரைப்படையைக் காக்கவைத்து, சாயங்காலம்தான் முன்னேறச் சொன்னார்கள். அதற்குள் எதிரி சுதாரித்துவிட்டான். உத்தரவைத் தாமதப்படுத்தியவர்களை விட்டுவிட்டு, குதிரையால் ஒன்றும் ஆகாது என்று பின்னால் வந்தவர்கள் எழுதிவிட்டார்கள் என்கிறாய். அதைப் படித்ததும் உன் அம்மா முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நந்தினி, ஆறு வருஷத்துக்கு முன் உன் அசல் சான்றிதழ்கள் காணாமல் போகவில்லை. நான்தான் எடுத்தேன்.

இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை கொடுப்பவர்கள் அசலை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்த வாரம் அது. வேப்பம்பட்டிலிருந்து உன்னைப் பெண் கேட்டிருந்தார்கள். ஒரு வருஷம் தள்ளிப்போனால் நீ கல்யாணத்துக்குச் சம்மதிப்பாய் என்று கணக்குப் போட்டேன். ஃபைலைப் பையில் வைத்து, கம்பெனி பஸ் ஏறி, ஸ்டோர்ஸில் இருந்த என் லாக்கரில் பூட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் வந்து உன்னோடு சேர்ந்து தேடவும் செய்தேன். “அந்த மேல் ரேக்குலயும் பாத்துக்கினு வாம்மா” என்று சொன்னது நான்தான்.

அம்மாதான் பயந்துபோய், போகிக்குப் பழைய காகிதங்களோடு கொளுத்திவிட்டேனோ என்று வாய்விட்டுச் சொன்னாள். “நீதாம்மா கொளுத்திட்ட, என் படிப்பே போச்சு” என்று நீ கத்தினாய். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

போலீஸில் எழுதிக்கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, நகல் வாங்குவதற்குள் ஒரு வருஷம் போயிற்று. உன்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன பேராசிரியரும் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். ஆனால் அம்மாவோடு நீ பேசுவது ‘நல்லா இருக்கியா’வோடு நின்றுவிட்டது. அதன்பிறகு அவள் எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை. கரண்ட் பில், மருந்துச் சீட்டு, பால் பாக்கெட் ரசீது எல்லாம் மூட்டை மூட்டையாய்க் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. போகி அன்று வாசலுக்கே வருவதில்லை.

ஓய்வு பெற்ற அன்று லாக்கரைக் காலி செய்து ஃபைலை எடுத்துவந்தேன். இதோடு பதிவுத் தபாலில் வைத்திருக்கிறேன். ஒரு தாள்கூடக் கசங்கவில்லை.

அம்மாவிடம் நேற்றுக் காலை சொல்லிவிட்டேன். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். “அப்ப நான் கொளுத்தலியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். அதிலிருந்து தட்டில் சோறு மட்டும் வைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் என் நம்பருக்குக் கூப்பிடாதே. அம்மா நம்பருக்குக் கூப்பிடு. அவள் உடனே எடுக்கமாட்டாள். நீ தவறிப்போய் அழுத்திவிட்டாய் என்றுதான் நினைப்பாள். இரண்டு, மூன்று தடவை கூப்பிடு, நந்தினி. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுப்பராயன்