ஒரு டிகிரி குறைத்த குற்றத்துக்குக் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் பறிபோவது குறித்து

அனுப்புநர்
ஹமீது பீவி (ஐந்தாம் வகுப்பு தேறியவள்),
கீழத் தெரு, ஏர்வாடி,
நாங்குநேரி வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: சொன்னதைச் சொன்னபடி செய்த என் மருமகளிடமிருந்து இயந்திரத்தைப் பிடுங்காதிருக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் முஹ்சின் மவுத்தான பிறகு, அவன் மனைவி அஸ்ஃபியாவுக்குக் கோழி வளர்ப்புத் திட்டத்தில் முட்டை பொரிக்கும் இயந்திரம் ஒன்று தந்தார்கள். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். கூடவே ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தார்கள். இயந்திரத்தின் சூடு நூறு டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும், கடைசி நாட்களில் மட்டும் "1 டிகிரி செல்சியஸ், அதாவது 33.8 டிகிரி பாரன்ஹீட் குறைக்கவும்" என்று அதில் அச்சடித்திருக்கிறது.

2. அஸ்ஃபியா அச்சில் வந்ததை நம்புகிறவள். நூறில் அது போனால் அறுபத்தாறு. சித்திரை மாதத்தில், நம் மாவட்டத்தில், அறுபத்தாறு. மின்சாரத்தை நிறுத்தினாள், வரவில்லை. கதவைத் திறந்து வைத்தாள், வரவில்லை. நனைத்த சாக்கைப் போர்த்தி மேசை விசிறியைப் போட்டாள். "பைய எறங்குது மாமி" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எண்பதோடு நின்றுவிட்டது. ஒரு முட்டைகூட விரியவில்லை. குற்றாலத்து அருவிக்கடியில் வைத்திருந்தால் பிரசுரப்படி இன்னும் திருத்தமாகச் செத்திருக்கும்.

3. அதே நாட்களில் கொல்லையில் அடைகிடந்த எங்கள் கோழிக்குப் பிரசுரம் வழங்கப்படவில்லை. அதன் குஞ்சுகள் நலம்.

4. திட்ட அலுவலர் ஐயா வந்தார்கள். அந்த 33.8 எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதற்கு, செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்றும் ஓர் அட்டவணையை நீட்டி, "ஒரு டிகிரிக்கு நேரே முப்பத்து மூணு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கு பாருங்க ஆச்சி. அஞ்சாங் கிளாஸுக்கு இதெல்லாம் வெளங்காது" என்று அருளினார்கள். அஞ்சாங் கிளாஸுக்குள் நான்காம் வேற்றுமை வந்துவிடுகிறது ஐயா. 'ஒரு டிகிரிக்குக் குறை' என்றால் ஒன்றில் போய் நிற்க வேண்டும், அட்டவணை அதற்கு. 'ஒரு டிகிரி குறை' என்றால் நிற்கிற இடத்திலிருந்து ஒரு படி இறங்க வேண்டும். எழுதாத 'கு'வுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

5. பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமாவின் மகன் சவூதியிலிருந்து கொண்டுவந்த சுவர் வெப்பமானியில் இரண்டு அளவும் எதிரெதிரே உள்ளன. செல்சியஸ் ஒரு கோடு இறங்கினால் பாரன்ஹீட் இரண்டு கோடுகூட முழுதாக இறங்கவில்லை. செல்சியஸ் சைபர் என்னும்போதே பாரன்ஹீட் முப்பத்திரண்டு என்கிறது, ஸ்டூலில் ஏறி நிற்கிற பிள்ளை மாதிரி. ஒரு வருஷத்தில் பிள்ளை எவ்வளவு வளர்ந்தான் என்பதில் ஸ்டூலையும் சேர்ப்பது அலுவலக வழக்கமோ என்னவோ. அலுவலர் ஐயாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு டிகிரி செல்சியஸ் குறையும் நாளில், அவர் வீட்டார் இந்தப் பிரசுரத்தைப் பார்த்து ஒப்பாரி வைத்துவிடக் கூடாது என்று துஆ செய்கிறேன்.

6. "பயனாளியின் கவனக்குறைவு" என்று எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை இயந்திரத்தை எடுக்க வண்டி வருமாம். உள்ளே புது முட்டைகள் இருக்கின்றன; விளக்கில் காட்டினால் நரம்பு ஓடியிருப்பது தெரிகிறது. அஸ்ஃபியா அவற்றைத் திருப்பி வைக்கும்போது மூச்சைக்கூடப் பைய விடுகிறாள்.

ஆகவே வண்டியை நிறுத்தி, 'கவனக்குறைவு' என்ற அந்தச் சொல்லை அடித்து, பிரசுரத்தைத் திருத்தித் தர உத்தரவிட வேண்டுகிறேன். எடுத்துத்தான் தீர வேண்டும் என்றால், குஞ்சு பொரிக்கும்வரை அலுவலர் ஐயாவே இந்த முட்டைகளின்மேல் அமர உத்தரவிடுங்கள். மனித உடம்பின் சூடு தொண்ணூற்றெட்டு. குறைகிற இரண்டு டிகிரிக்கு, இந்த மனுவைப் படித்ததும் வருகிற அவர் கோபம் போதும். கடைசி நாட்களில் கோபத்தை மட்டும் குறைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும்.

இடம்: ஏர்வாடி
நாள்: 24.5.1995

இப்படிக்கு,
தானே எழுதித் தானே கையெழுத்திடும்
ஹமீது பீவி