துரைஃப் வரைக்கும் ஓட்டினது நான்

வியாழன், டிச. 18. நாரியா

சுபுஹு தொழுதுட்டு ஜுபைல்லேருந்து கெளம்பியாச்சு. பனி. ஏத்தினது: ஃப்ளாஸ்க், ரெண்டு கம்பளி, மச்சானோட கண் மருந்து, சுகர் மாத்திரை, முறுக்கு டப்பா. தலகாணிய மறந்தாச்சு.

ஓட்டுறது நான். லைசென்ஸ் எடுத்தப்பவே நினைச்சேன், ஒரு நாளைக்கு இந்தக் குழாய் ரோட்டுல ஓட்டணும்னு. மச்சானக் கட்டிக்கிட்டு வந்த புதுசுலேருந்து இந்த ரோட்டுக் கதைதான் வீட்ல. சவுதி பாலைவனத்துல பழைய எண்ணெய்க் குழாய்க்காகப் போட்ட ரோடு, ஜோர்டான் பார்டர் வரைக்கும். மச்சான் சரக்கு லாரி ஓட்டினதெல்லாம் இதுலதான். சுகர்ல கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சதுலேருந்து டாக்டர் வண்டி தொடக் கூடாதுன்னுட்டார். கூட்டாளிங்களப் பாக்கணும், கூட்டிட்டுப் போறியான்னு இவங்களே கேட்டாங்க. எனக்குக் கசக்குமா?

வழி பூரா இவங்க கால் சும்மா இல்ல. இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றாங்க. "ட்ரெய்லர் வருது, ட்ரெய்லர் வருது." தெரியுது மச்சான், மலை மாதிரி வருது, தெரியாதா.

நாரியாவுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓரமா நிப்பாட்டச் சொன்னாங்க. ஊருக்குள்ள ரவுண்டானா மோசமாம், இவங்க எடுக்குறாங்களாம். கொடுத்தேன். டயர் கடை முருகேசன் ஓடி வந்து, பாய் இன்னும் நீங்களேதானா ஓட்டுறீங்க, சிங்கம்தான் போங்கன்னார். இவங்க மீசையத் தடவினாங்க.

ஓ. ரவுண்டானா இல்ல, இதுதான் சங்கதி.

முருகேசன் விடல. ராத்திரி இங்கயே. சாப்பாடு: மந்திச் சோறு, ஆட்டுக்கறியோட. கை வலி. ஆனா நல்ல வலி.

வெள்ளி, டிச. 19. கைசூமா

காத்து பக்கவாட்டுல அடிச்சு வண்டியத் தள்ளுது. ஸ்டீயரிங்க விடாம பிடிச்சேன். ரோட்டோரமா பழைய குழாய், பாதி மண்ணுக்குள்ள. எண்ணெய்யத் தள்ள ஸ்டேஷன் வச்சு, கிணறு தோண்டி, தண்ணிக்கு ஆளுங்க வந்து, அப்படி ஆன ஊருங்களாம் இதெல்லாம். சொல்றப்ப இவங்க குரலே மாறிடுது. கேக்க ஆசையாத்தான் இருக்கு.

ஜும்ஆ தொழுகை முடிஞ்சுதான் கடை தொறப்பாங்கன்னு மெதுவாவே வந்தோம். மறுபடியும் ஊருக்கு முன்னாடி, நிப்பாட்டு. நானும் புத்தி கெட்டுக் கொடுத்தேன். திரும்புற இடத்துல சிமெண்டுக் கட்டை. நான் கத்துறதுக்குள்ள இடிச்சாச்சு. இடது லைட்டு தூள். அந்த இடத்துல ஒரு புள்ள நின்னிருந்தா? யா அல்லா.

அதுக்கப்புறம் நடந்ததுதான் தாங்கல. டீக்கடை செல்வம், பரமக்குடிக்காரர், நல்ல மனுசன். ஒடஞ்ச லைட்டைப் பாத்துட்டு என் பக்கம் திரும்பிச் சிரிச்சார்.

"என்ன பாய், அக்கா கைய வச்சுட்டாங்களா?"

இவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க. அவ்ளோதான். டீய உறிஞ்சினாங்க.

நான் கிளாஸ அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன். பக்கத்து ஊர் ஹஃபருக்குப் போய் லைட்டு மாத்தினோம். முறுக்கு கேட்டாங்க, டப்பாவ அப்படியே இவங்க மடில வச்சேன்.

சனி, டிச. 20. ரஃப்ஹா

வெயில் இருக்கு, சூடு இல்ல. ஒட்டகக் கூட்டம் ரோட்டுக் குறுக்கே. ஹார்ன் அடிக்காம நின்னு பொறுமையா விட்டேன். மேய்க்கிற சூடான் பையன் கை காட்டினான்.

ரஃப்ஹா ஊர் நுழைவு வளைவு தெரிஞ்சதும் இவங்க, ஓரமா நிப்பாட்டு. நான் நிப்பாட்டல. ரெண்டாவது தடவையும் சொன்னாங்க. அப்பதான் வாயத் தொறந்தேன்.

"கண்ணு தெரியாம ஓட்டி யாரையாவது அடிச்சிட்டா, அப்பவும் நான்தான் அடிச்சேன்னு சிரிப்பீங்களா மச்சான்?"

நேரா ஊருக்குள்ள போனேன். ரெண்டு பிக்கப்புக்கு நடுவுல ரிவர்ஸ்ல ஒரே தடவைல போட்டேன். ஹோட்டல் வாசல்ல நின்ன பெங்காலி, பஹுத் அச்சான்னான். யாரு பாத்தா என்ன, எனக்கே தெரியும் அது அச்சாதான்.

இங்க உள்ள டெய்லர் கூட்டாளியப் பாக்க இவங்க போகல. இவ்ளோ தூரம் வந்துட்டு! பொண்டாட்டி ஓட்டி இறங்குறதப் பாத்துடுவான்னு. சுவத்தப் பாத்துப் படுத்திருக்காங்க. பாவமாவும் இருக்கு, எரிச்சலாவும் இருக்கு. சொட்டு மருந்து மட்டும் விட்டேன். கண்ணத் தொறந்து காட்டினாங்க. கண்ணோரம் ஈரம். மருந்தான்னு தெரியல.

ஞாயிறு, டிச. 21. துரைஃப்

பல்லு தந்தி அடிக்குது. ரெண்டு கம்பளியும் மேலதான்.

அரார் தாண்டினதும் மூடுபனி. முன்னாடி ஒண்ணுமே இல்ல, வெள்ளை. லைட்டும் இண்டிகேட்டரும் போட்டு, வெள்ளைக் கோட்டை மட்டும் பாத்து ஊர்ந்தேன். எதிர்ல ட்ரெய்லர் வந்தா சத்தம்தான் முதல்ல. கை வேர்த்து வழுக்குது. மச்சான் ஆயத்துல் குர்சி ஓதிக்கிட்டே வந்தாங்க. ஆனா கால் அசையல. கவனிச்சேன். ஒரு தடவைகூட பிரேக் மிதிக்கல.

பனி விலகின இடத்துல டீ. கப்பப் பாத்துக்கிட்டே, நானா இருந்தா பயந்து நிப்பாட்டியிருப்பேன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு.

செக்போஸ்ட்ல போலீஸ் பேப்பர் வாங்க இவங்க பக்கம் போனார். இவங்க என் பக்கம் கை காட்டினாங்க. அவர் சுத்தி வந்து என் லைசென்ஸப் பாத்து, மாஷா அல்லா, யல்லா, போங்கன்னார்.

துரைஃப் போர்டு. நிப்பாட்டுன்னு சொல்வாங்கன்னு காத்திருந்தேன். சொல்லல. ஜமால் காக்கா வீட்டு வாசல்ல நானே கொண்டுபோய் நிறுத்தினேன். காக்கா, இவங்க கூட லாரி ஓட்டின பழைய ஜோடி, வண்டிய ஒரு சுத்து பாத்துட்டு, என்னடா நீ ஓட்டுற பக்கம் இல்லாம இந்தப் பக்கம் இறங்குறன்னு கேட்டார். அவர் சம்சாரமும் கதவுல நிக்கிறாங்க.

"அவதான் ஓட்டினா. எனக்குக் கண்ணு போச்சு ஜமாலு. பனிக்குள்ளயும் கொண்டாந்துட்டா பாரு."

காக்கா இவங்க தோள்ல கைய வச்சுட்டு நின்னார். அவர் சம்சாரம் என் கையப் பிடிச்சு, ரொம்ப வேர்த்திருக்குதேன்னாங்க. நான் அழல. சிரிச்சேன்னு நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் இவங்களே செல்வத்துக்குப் போன் போட்டாங்க. லைட்ட ஒடச்சது நான்டா, அவ இல்லன்னு. அந்தப் பக்கம் அக்கா அக்கான்னு ஒரே மன்னிப்பு. போகட்டும் தம்பின்னேன்.

திங்கள், டிச. 22

காலைல டீ தந்துட்டு பக்கத்துல உக்காந்தாங்க. திரும்பிப் போறப்ப ரஃப்ஹாவுல டெய்லரப் பாக்கணுமாம். நாரியா, கைசூமா, எந்த ஊருக்கு முன்னாடியும் நிப்பாட்ட வேணாமாம். நேரா கடை வாசலுக்கே விடணுமாம், நாலு பேரு பாக்குற மாதிரி. ஹார்ன் அடிச்சுக்கிட்டு.