அயோவாவின் பத்து டாலர்

மார்ச் 12, வியாழன்

தஞ்சோங் கிளிங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் ரஹ்மத் காலையில் ஒரு பழைய பத்து டாலர் தாளுடன் வந்தாள். மாமனாரின் பெட்டியில் கிடைத்ததாம். பணமாற்றுக் கடையில் செல்லாது என்று திருப்பிவிட்டார்களாம். அயோவாவின் ஒரு சிற்றூர் வங்கி, நூறாண்டுக்கு முன் தன் பெயரிலேயே வெளியிட்ட தாள் அது. இருபது ஆண்டுகளாக நான் தேடுவதும் அதே ஊர்த் தாளைத்தான்.

“கசங்கிக் கெடக்கேன்னு அயர்ன் போட எடுத்தேன் டீச்சர். கரண்ட் போயிடுச்சுலா.”

“கரண்டுக்கு உன்னைவிட அறிவு இருக்கு. தேய்ச்சிருந்தா பாதி விலைகூட வராது.”

“அம்பது வெள்ளி குடுத்து நீங்களே வச்சுக்குங்களேன்.”

எங்களூர் ஐம்பது வெள்ளி நோட்டு கைப்பையிலேயே இருந்தது. தாளில் அச்சிட்ட தொகை அதன் விலையன்று. எந்த ஊர் வங்கி, எத்தனை தாள்கள் எஞ்சியுள்ளன என்பதே விலை என்று விளக்கினேன். ஏலத்தில் எட்டாயிரம் வெள்ளிக்குக் குறையாது என்றேன். என் ஓய்வூதியத்துக்கு அது எட்டாது.

“வெளையாடாதீங்க டீச்சர்!”

தாளைப் படமெடுத்து ஓர் ஏலக்காரருக்கு அனுப்பியிருந்தேன்; மாலையில் அவரது மின்னஞ்சல் வந்தது: ஒன்பதாயிரம். அமெரிக்காவைக் கண்ணால் பாராத என் கணிப்பு பொய்க்கவில்லை.

என் ஆல்பத்தில் அவ்வூரின் பெயரெழுதிய காலி உறையை, ரஹ்மத் இருந்தவரை செய்தித்தாளால் மூடியே வைத்திருந்தேன். கண்டிருந்தால் அந்த ஐம்பதுக்கே தந்திருப்பாள், அசடு.