பிள்ளைகளை நீ வரிசையில் நிறுத்திய நாள்

இன்று மதியம் எங்கள் வார்டுக்கு ஒரு குடும்பம் வந்து பிரியாணிப் பொட்டலம் கொடுத்தது. மகனுக்குப் பிறந்தநாளாம். திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் இந்த ஆஸ்பத்திரிக்கு இப்படி யாராவது வருவது வழக்கம்தான். நோயாளிகள் தாளைப் பிரிக்கப் பிரிக்க, பட்டையும் புதினாவும் சேர்ந்த வாசனை கட்டில் கட்டிலாகப் பரவியது. "சிஸ்டர், நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார் அந்த அம்மா. வாங்கிக்கொண்டு நர்சுகள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நீ போன பிறகு இந்த வாசனை வந்தால் என்னால் சாப்பிட முடிவதில்லை.

நாம் இருவரும் அந்த இல்லத்துக்கு வந்தது ஏறக்குறைய ஒரே சமயத்தில். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து சித்தப்பா என்னைக் கொண்டுவந்து விட்டார். அம்மா முன்பே போய்விட்டாள். கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. உன் அப்பாவையும் அம்மாவையும் நெடுஞ்சாலையில் ஒரு லாரி சேர்த்து அடித்துவிட்டது. விழுப்புரம் சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஏரிக்குக் கீழே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்சம்மா தன் பங்கு நிலத்தில் கட்டிய இல்லம் அது. யாருமில்லாத பிள்ளைகளும், பெற்ற பிள்ளைகள் கைவிட்ட வயதான பெண்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அந்த நர்சம்மாவை எல்லோரும் பெரியம்மா என்றோம்.

அப்போது நிலம் பாதி முள்ளும் பாதி கரம்புமாகக் கிடந்தது. ஊரில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால்தான் நமக்கு நல்ல சோறு. கார் வந்து நின்றதும் வரிசையில் நிற்க வேண்டும். ஒருமுறை புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "சிரி பாப்பா, சிரி" என்று உன்னிடம் கெஞ்சினார். நீ சிரிக்கவில்லை. "எனக்கு எப்போ பொறந்தநாளுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். அவர் கேமராவை இறக்கினார். உனக்கே தெரியாது. பள்ளியில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர் நம் எல்லோருக்கும் ஜூன் மாதத்தில் ஆளுக்கொரு தேதி போட்டிருந்தார். அன்று நீ அந்தச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய். சாப்பிட்டுக்கொண்டே அழுதாய். பசியும் அவமானமும் ஒரே வாயில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் நர்சிங் படிக்கப் போனேன். நீ விவசாய டிப்ளமோ முடித்துவிட்டு நேரே இல்லத்துக்கே திரும்பினாய். உனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கும். "நீ வேலைக்குப் போ. நான் இங்கயே இருக்கேன். இந்த முள்ள மொதல்ல எடுக்கணும்டி" என்றாய். எடுத்தாய். பெரியம்மா படுத்த படுக்கையான பிறகு பொறுப்பு முழுவதும் உன் தலையில் விழுந்தது. கழனியில் நெல், மேட்டுக் கொல்லையில் கேப்பையும் மல்லாட்டையும், கொட்டாயில் மாடுகள், சாண எரிவாயு அடுப்பு. நம் மல்லாட்டையைச் செக்கில் கொடுத்து ஆட்டிய கடலை எண்ணெயில்தான் தாளிப்பு. கடையில் உப்பும் புளியும் வாங்கினால் போதும் என்ற நிலை வந்த அன்று, பிறந்தநாள் பொட்டலங்களை நிறுத்திவிட்டாய்.

"சோறு போடறதுக்குக்கூட உங்களாண்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று ஒருவர் வாசலிலேயே கத்தினார்.

"கோச்சிக்காதீங்க சார். வந்தது வந்துட்டீங்க, உக்காந்து எங்க வூட்டுச் சோத்தைச் சாப்ட்டுட்டுப் போங்க" என்றாய் நீ.

அந்தக் குடும்பம் கூச்சத்தோடு பாயில் உட்கார்ந்தது. நம் பிள்ளைகள் களியும் மல்லாட்டைச் சட்னியும் பரிமாறினார்கள். பிறந்தநாள்காரச் சிறுமி இரண்டாம் முறை களி கேட்டாள். அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்குப் பிறகு உன்னை அப்படிப் பார்க்கவே இல்லை.

உன் முடிவைக் கேட்டு எல்லோரையும்விட மகிழ்ந்தவள் அஞ்சலை ஆயா. ஓர் அமாவாசையன்று மேல்மலையனூர்க் கூட்டத்தில் மகன் விட்டுவிட்டுப் போனதால், கோயில் வாசலில் கையேந்திக் கிடந்தவளைப் பெரியம்மா அழைத்துவந்திருந்தார். மாட்டுக் கொட்டாயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவள் அவள். "இனிமே யாராண்டயும் கை நீட்ட வேணாம் ஆயா" என்று நீ அவளிடம் சொன்னபோது, உன் கன்னத்தைத் தடவி விரல்களை நெற்றியில் வைத்து நெட்டி முறித்தாள்.

பிறகு அந்தக் கார்த்திகை மழை வந்தது. விடாமல் கொட்டியதில் ஏரிக்கரை விடியற்காலையில் உடைந்தது. பெரியம்மாவையும் பிள்ளைகளையும் ஆயாக்களையும் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றிவிட்டு, மார்பளவு தண்ணீரில் நீ கொட்டாய்க்குத் திரும்பிப் போனாயாம், கயிறுகளை அறுத்துவிட. சில மாடுகள் நீந்திக் கரையேறின. மற்றவை கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தன. தண்ணீர் வடிந்தபோது நான் வந்தேன். கழனியைக் காணவில்லை. வெள்ளை வெளேரென்று மணல். குதிரில் இருந்த நெல் ஊறி முளைவிட்டு நாறியது. நீ மணல்மேல் செருப்பில்லாமல் நின்றிருந்தாய். கால் முழுவதும் முள் கீறிய காயங்கள். என்னைப் பார்த்ததும், "இன்னாடி, டூட்டி இல்லையா?" என்றாய். 

மறுநாள் நெடுஞ்சாலையில் பிரியாணிப் பொட்டலங்களோடு நிவாரண வண்டி வந்து நின்றது. சின்னப் பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். நீ கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தாய். பிறகு உயரம் பார்த்து, குட்டையானவர்கள் முன்னால் வரும்படி, பிள்ளைகளை நீயே வரிசையில் நிறுத்தினாய். ஒரு தம்பி செல்போனைத் தூக்கி, "மேடம், ஒரு ஃபோட்டோ மட்டும்" என்றான். நான் அவனைத் தடுக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்துவிட்டு, போய்ப் பிள்ளைகளின் நடுவில் நின்றாய்.

அஞ்சலை ஆயா மட்டும் வரவில்லை. "கை நீட்ட வேணாம்னு நீதான சொன்ன? நான் வர மாட்டேன் போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்து, பிசைந்து ஊட்டினாய். "இது நான் குடுக்கறது ஆயா. என்னாண்டதான வாங்கற?" என்றாய். அவள் வாயைத் திறந்தாள். உன் பங்கை யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டிருந்தாய்.

அடுத்த வாரமே உனக்குக் காய்ச்சல். "ஊருக்கே காய்ச்சல், எனக்கு மட்டும் இன்னா?" என்று மணல் வாரப் போய்விட்டாய். கண் மஞ்சளாகிவிட்டது என்று ஒரு பிள்ளை போன் செய்ததும் ஓடி வந்து உன்னைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எலிக்காய்ச்சல் என்றார்கள். காலின் புண்கள் வழியாக வெள்ளத்தண்ணீரிலிருந்து கிருமி ஏறியிருந்தது; சிறுநீரகம் அதற்குள் ஓய்ந்துவிட்டது. நினைவு இருந்தவரை நீ நிலத்தைப் பற்றியே பேசினாய். "மேல இருக்கற மணலைத்தான் வாரணும். அடியில நம்ம மண்ணு அப்பிடியேதான் இருக்குதுடி." ஒரு பிற்பகலில், நான் உன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது, போய்விட்டாய்.

மாலை போட உன் படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. கடைசியில் அந்தத் தம்பியின் செல்போனிலிருந்த படத்தைத்தான் வாங்கினோம். சுற்றியிருந்த பிள்ளைகளை வெட்டிவிட்டு உன் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார் ஸ்டூடியோக்காரர். நீ அதில் சிரித்துக்கொண்டிருக்கிறாய். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதென்று சிரித்திருக்கிறாய்.

பெரியம்மாவும் அடுத்து வந்த தை மாதத்திலேயே போய்விட்டார். நடத்த ஆளில்லை என்று இல்லத்தை மூடினார்கள். பெண் பிள்ளைகளை ஓரிடத்துக்கும் ஆண் பிள்ளைகளை வேறிடத்துக்கும் அனுப்பினார்கள். அண்ணனும் தங்கையுமாய் வந்தவர்களையும் பிரித்துவிட்டார்கள். ஆயாக்களைக் கண்டமங்கலம் பக்கம் ஒரு விடுதியில் விட்டார்கள். போன மாதம் நம் பழைய இல்லத்துக்குப் போய்ப் பார்த்தேன். நிலத்தில் மணல் அப்படியேதான் இருக்கிறது. வேலி ஓரம் பழைய முள் மறுபடி துளிர்த்திருக்கிறது.

உன்னிடமிருந்து நான் எடுத்து வந்தது அஞ்சலை ஆயாவை மட்டும்தான். இப்போது என் வாடகை வீட்டில் இருக்கிறாள். நினைவு தப்பிவிட்டது. நீ போனதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறையும் அப்போதுதான் கேட்பவளைப் போல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் முறை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இன்று காலையிலும் நான் கிளம்பும்போது கேட்டாள்: "அவ எங்கடி, ஆளயே காணோம்?"

"கழனிக்குப் போயிருக்கா ஆயா."

"வெயிலு ஏறிக்கினு போவுது. வூட்டுக்கு வரச் சொல்லு."

"சொல்றேன் ஆயா" என்றேன்.