வேப்பங்கன்றின் அடியில் உப்பு

அண்ணாச்சி,

நேற்று காலை மொட்டை மாடியில் ரோஜாத் தொட்டியின் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரித்தது. நீங்கள் போய் இத்தனை வருடம் கழித்து உங்களுக்கு எழுதத் தோன்றியது அதனால்தான்.

நொய்யல் ஆற்றங்கரை ராயபுரத்தில் எங்கள் குடியிருப்புப் பூங்காவின் வடக்கு மூலையை நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருந்தோம். வேம்பும் நொச்சியும் ஆவாரையும் வைத்து, தவிட்டுக் குருவிகள் வந்து தங்கட்டும் என்று புதரை வெட்டாமல் விட்டிருந்தோம். நீங்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு உங்கள் மேல் சந்தேகம். சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவருக்குச் செடி மேல் என்ன திடீர்ப் பாசம்? நொய்யலைக் கெடுத்தவர்களில் ஒருவராகத்தான் உங்களைப் பார்த்தேன். அந்தப் பட்டறைகளில் சாயமேறிய பனியனைத் தைத்துச் சாப்பிடுகிறவள்தான் நானும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கோடையில் கன்றுகளின் இலை நுனி கருகத் தொடங்கியது. பூங்கா போர்வெல் தண்ணீரைத் தவறாமல் விட்டும் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. நீங்களோ எங்களுக்கு முன்பே வந்துவிட்டு, நாங்கள் வரும்போது கிளம்பிவிடுவீர்கள். கேட்டால், "சும்மா நடந்துட்டுப் போறேனுங்க" என்பீர்கள். உங்கள் சைக்கிளில் எப்போதும் ஒரு சாக்கு. அந்த மூலையைக் கார் நிறுத்தக் கேட்கிறார்கள் என்று வேறு ஒரு பேச்சு. செடி செத்தால் யாருக்கு நல்லது என்று யோசித்து யோசித்து உங்களிடம் வந்து நின்றேன்.

ஒரு ஞாயிறு விடிந்ததும் வந்து பார்த்தேன். வேப்பங்கன்றின் அடியில் குந்தியிருந்தீர்கள். பக்கத்தில் வாய் திறந்த சாக்கு, உள்ளே வெள்ளைத் தூள். தொட்டு ருசி பார்த்தேன். உப்பு. பட்டறையில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்களே, அதேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"செடி ஏன் செத்துச்சின்னு இப்பம் தெரியுதா? இவருல்லா உப்பைப் போடுதாரு!"

நீங்கள் எழுந்திருக்கவில்லை.

"போடலீங்க அம்மிணி. எடுக்கறேனுங்க."

யாரோ சிரித்தார்கள். சாக்கை அங்கேயே வைத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனீர்கள்.

மூன்று வாரம் நீங்கள் வரவில்லை. யாரும் தொடாத மண்ணில் வெள்ளை தானாகப் பூத்தது. நாங்கள் ஊற்றிய தண்ணீரை அப்போதுதான் வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டு நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி. தண்ணிதான் உப்புன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

கதவைப் பிடித்தபடி சொன்னீர்கள்: "அந்த போர்வெல்லுக்கு மேக்கால இருந்த பட்டறையிலதானுங்க நான் மாஸ்டர். சாயத்தண்ணிய நெலத்துல விடச் சொன்னதே நானுங்க. அதைய எந்த வாயில சொல்றதுங்க?"

அடுத்த ஞாயிறு வந்தீர்கள். உப்பை வழித்தோம், சருகு பரப்பினோம், ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீர் வீட்டுக் குழாயிலிருந்து கொண்டுவந்தோம். நான்கு கன்றுகள் பிழைத்தன. மறு வருடமே நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

குற்றத்தை ஊர் கேட்கச் சொன்ன நான், மன்னிப்பை உங்கள் வாசலில் மெதுவாகத்தான் கேட்டேன். "எல்லாருகிட்டயும் நான் சொல்லிருதேன்" என்றபோது, "வேண்டாமுங்க, மொதல்ல கொட்டுனவனும் நாந்தானுங்களே" என்று தடுத்தீர்கள். தடுத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அன்று வேடிக்கை பார்த்தவர்களில் யாராவது இன்றும், "செடிக்கு உப்புப் போட்டாரே, அந்த மாஸ்டர்" என்று பேச்செடுப்பார்கள். இப்போதெல்லாம் நான் நின்று, நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். சிலர் நம்புகிறார்கள். மற்றவர்கள், இவளுக்கு இதில் என்ன ஆதாயம் என்று என்னைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை, அண்ணாச்சி. உங்களை அப்படித்தான் பார்த்தேன்.